நானூற்று நாற்பத்து மூன்றாம் கதவு

இரவு ஒன்றே முக்கால்.
கொம்பனித்தெரு, ஆறாம் மாடி.
பேரவாவிப் பக்கம் ஒரு முச்சில்லு
இருமி இருமி ஸ்டார்ட் எடுக்கிறது.
சேர்வர் அறைக்குள் பதினெட்டுப் பாகை.
கொழும்பில் கம்பளிச் சட்டை போடுகிற
ஒரே சாதி நாங்கள்தான்.

வெளியுலகுக்கு எங்களிடம் இருப்பது
ஒரேயொரு முகவரி.
இன்னொன்று கேட்டால் மாதத்துக்கு இவ்வளவு என்கிறார்கள்;
முதலாளி சிரிக்கிறார்.
உள்ளே மூன்று பேர் குடியிருக்கிறார்கள்:
பதினொன்றில் இரத்தப் பரிசோதனை முடிவுகள்,
பன்னிரண்டில் வடக்கே போகும் பஸ்ஸின் ஆசனங்கள்,
பதின்மூன்றில் மஸ்கெலியாத் தேயிலையின் ஏல விலை.
மூன்று பேருக்கும் வேண்டியது அதே கதவு,
நானூற்று நாற்பத்து மூன்று.

பகல் ருஷ்தி மூன்று விதிகளை
ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டுப் போனான்.
பயர்வோல் மேலிருந்து கீழே வாசிக்கும்.
முதலாவது பொருந்தினால் மிச்சத்தைத் திரும்பியும் பார்க்காது.
அதனால் பின்னேரம் முழுக்க
பஸ்ஸுக்கு வந்தவனுக்கும் இரத்தம்,
தேயிலைக்கு வந்தவனுக்கும் இரத்தம்.
கிளிநொச்சிக்கு ஜன்னலோரம் கேட்ட ஒருத்திக்கு
'உங்கள் மாதிரி இலக்கத்தைத் தருக' என்று பதில்.

பிறகு வேறு கதவுகள் திறந்தோம்.
எண்ணாயிரத்துச் சொச்சம் ஒன்று, அதற்கடுத்தது ஒன்று.
முகவரிக்குப் பின்னால் முக்காற்புள்ளி போட்டு
இலக்கத்தைத் தட்டுங்கள் என்று
தொலைபேசியில் சொல்லிச் சொல்லி
நிதர்சிகாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது.
"முக்காற்புள்ளி எது, பிள்ளை?"
போதாததற்கு ஏலக் கம்பனியின் பயர்வோல்
அந்த இலக்கத்தை வெளியே விடவே இல்லை.
கதவு எங்களுடையது, பூட்டு அவர்களுடையது.

இப்போது நடுவில் ஓராளை நிறுத்துகிறேன்.
மூடி கழன்ற பழைய பெட்டி, எட்டு ஜிபி நினைவு.
எல்லோரும் முதலில் அவரிடமே வரட்டும்.
வருகிறவர் முதல் வணக்கத்திலேயே
யாரிடம் போகிறார் என்று சொல்லிவிடுகிறார்.
பெயரைக் கேட்டு

என்று தட்டியதும் விரல் நின்றது.

இரண்டாயிரத்து எட்டு. வெள்ளவத்தை.
ஒழுங்கை முனையில் மணல்மூட்டைகள்.
பெயர்?
சொன்னேன்.
அந்தப் பக்கம் நில் என்றார்கள்.
எனக்கு முன்னால் நின்றவளிடமும் அதே கேள்விதான்;
அவள் அதற்குள் பஸ் ஏறியிருந்தாள்.
என் நெற்வேர்க்கிங் புத்தகத்தை ஒரு சிப்பாய்
தாள் தாளாக உதறினான்.
படமெல்லாம் பெட்டிகள், அம்புக்குறிகள்.
ஓர் அம்புக்குறியில் விரலை வைத்து
இது எங்கே போகிறது என்று கேட்டான்.
அவ்வளவு சிங்களம் அன்று எனக்கு வராது.
அம்புக்குறிக்கும் அன்று பதில் தெரியாது.

பெயரைக் கேட்டு, வழிவிடு.
எழுதி முடித்தேன்.

ஆனால் கடைசி வரி ஒன்று இருக்கிறது:
மேலே சொன்ன எவருமில்லாவிட்டால், மறு.
அதை எழுதத் தெரியாதவளுக்கு இங்கே சம்பளமில்லை.
இரவெல்லாம் எங்கெங்கோ இருந்து
பெயர் சொல்லாமல் கதவு கதவாகத் தட்டுகிறார்கள்.
அதையும் எழுதினேன்.
கை கூசவில்லை என்று சொல்லமாட்டேன்.

மொபைல் டேட்டாவில் மூன்றும் திறக்கின்றன.
மேசைக் கணினியில் வெறும் வெள்ளை.
வீட்டுக்குள் நின்றுகொண்டே
வீட்டுக்கு வழி கேட்கிற ஆளைப்
பயர்வோலுக்கு விளங்குவதில்லை.
உள்ளே இருப்பவர்களுக்கு உள்முகவரியையே சொல் என்று
டிஎன்எஸ்ஸுக்கு இன்னும் மூன்று வரி.

நாலு பத்து.
காவலாளி விமலசிறி பிளேன்ரீயோடு
வருகைப் புத்தகத்தையும் நீட்டுகிறார்.
"மிஸ், நேற்று வரும்போது பெயர் போடவில்லை."
ரீ ஆறுகிறது. போடுகிறேன்.

திரையில் ஒரு வரி நகர்கிறது.
எங்கிருந்தோ ஒருவர்
பன்னிரண்டைக் கேட்டு, பன்னிரண்டுக்கே போயிருக்கிறார்.
இருநூறு என்று பதில்; சரி என்று அர்த்தம்.
ஜன்னலோரம் கிடைத்ததா
என்பது இங்கிருந்து தெரியாது.